நிறப்பட்டியலில் இல்லாத முகம்

வாருங்கள். கையிலுள்ள வேலையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தக் கல்லூரிக் கணினி அறைக்குள் வந்து சன்னலோர மேசைக்குப் பின்னால் நில்லுங்கள். இங்கே ஒரு கொடுமை நடந்துகொண்டிருக்கிறது. கத்தியில்லை, கூச்சலில்லை, கண்ணீரும் இல்லை. மின்விசிறி சோம்பலாகச் சுழல்கிறது. மவுஸ் மெல்லச் சொடுக்குகிறது. ஒரு பெண் தன் கூடப்பிறந்த தங்கையின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு வழக்குப் பதிய எந்தக் காவல் நிலையமும் முன்வராது. இதற்கு மதிப்பெண் அல்லவா தருகிறார்கள்.

அவள் பொல்லாதவள் அல்லள், களைத்தவள். ஊடகப் படிப்பின் கடைசி ஆண்டு. பாடத்திட்டம் அவளிடம் கேட்டது இதுதான்: உலகில் இல்லாத ஒரு பாடகியைப் படைத்துக் காட்டு. அவளுக்குப் பெயர் சூட்டு, வரலாறு எழுது, சின்னம் வரை, பாட்டுக்கு அட்டைப்படம் செய், சுவரொட்டி ஒட்டு. எங்கே பார்த்தாலும் ஒரே பார்வையில் இன்னாரென்று தெரியவேண்டும். அதைத்தான் பிராண்ட் என்கிறார்கள். அவளும், வகுப்பில் எல்லாரும் லென்ஸ் என்று கூப்பிடும் கேமராக்காரத் தோழனும் சேர்ந்து அந்தப் பாடகிக்குத் தூவானம் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வந்தது; குரல் வேண்டுமே. குரலுக்கு அவள் வெளியே தேடிப்போகவில்லை. தங்கை இருந்தாள். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள்; வலியோடு வருகிறவர்கள்கூட அவள் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் வலியை மறந்து உட்கார்ந்திருப்பார்கள். குளிக்கும்போதும் பாட்டு, கூட்டும்போதும் பாட்டு. நிறுத்துகிற பொத்தான் வைக்க மறந்துபோன ரேடியோ என்று அப்பா சொல்லப்போய், வீட்டில் அவளுக்கு ரேடியோ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பாட்டைப் பதிவு செய்தது துணி அலமாரிக்குள். எதிரொலி வராமலிருக்க மாணவர்கள் செய்கிற உபாயம் அது. தொங்கும் சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு ரேடியோ பாடினாள். தையல் வேலை பார்க்கும் அம்மா, மிஷினை நிறுத்தச் சொன்னதற்காக முணுமுணுத்தபடியே கூடத்தில் உட்கார்ந்திருந்தவள், பாட்டு முடிந்த பிறகும் மிதியில் கால் வைக்க மறந்துபோனாள். அப்படியொரு குரல்.

கோளாறு நுழைந்த இடம் வேறு. பாடம் நடத்திய மேடத்துக்கு ஒரு விதி உண்டு: முதலில் நிறம், மற்றதெல்லாம் பிறகு. எந்தெந்த நிறம் என்று பட்டியல் போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அதன் பிறகு எழுத்தோ படமோ உடுப்போ அந்தப் பட்டியலுக்கு அடங்கித்தான் வரவேண்டும். மாற்றினால் முதல் தேர்வை மறுபடி எழுதியதாகக் கணக்கு. தரம் ஒரு படி இறங்கும். மூத்தவள் என்ன செய்தாள்? பேர்பெற்ற பாடகிகளின் அட்டைப்படங்களையெல்லாம் சேர்த்தாள். அவற்றில் மிகுதியாக இருந்த நிறங்களை அப்படியே அள்ளினாள். பால் வெள்ளை, சந்தன மஞ்சள், வெளிறிய ரோஜா, கோடு போட்டாற்போல் கொஞ்சம் தங்கம். மேடம் மனங்குளிர்ந்து கையெழுத்திட்டார். அந்த நிறங்களுக்கு நடுவே நிற்கப்போவது யார் என்று ஆசிரியர் கேட்கவில்லை, மாணவியும் நினைக்கவில்லை. தங்கையைப் பிறந்த நாள் முதல் பார்த்தவளுக்கே அவள் நிறம் நினைவுக்கு வரவில்லை. பட்டியல் முடிந்துபோயிற்று, முகம் பிறகு வந்தது.

ரேடியோ நல்ல கறுப்பு. சந்தன நிறத் திரைக்கு முன்னால் அவளை நிறுத்தி, திரைக்கு ஏற்றபடி ஒளியளந்து லென்ஸ் படமெடுத்தான். திரை பளிச்சென்று வந்தது. முகம் உள்ளே அமுங்கிப்போனது.

"முகம் பேலட்டோட, உன் நிறப் பட்டியலோட ஒட்டலையேம்மா," என்றார் மேடம். "கொஞ்சம் வெளிச்சம் ஏத்து."

ஏற்றினாள். அடுத்த வாரமும் மேடம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஏத்து." மறுபடி ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சந்தான். கொஞ்சத்துக்கு யார் சண்டை போடுவார்கள்?

இதோ இன்றும் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் லென்ஸ் கால் நீட்டிச் சரிந்திருந்தான்.

"இன்னும் ரெண்டு தடவை ஏத்தினா சுவரு எது, ஆளு எதுன்னு தெரியாது," என்றான்.

"சும்மா இருடா. ஒழுங்கா வெளிச்சம் வச்சு எடுத்திருந்தா எனக்கு ஏன் இந்த வேலை?"

"திரை உன்னோட தேர்வு, தாயே. நான் வெறும் கூலி."

அவள் மறுபடி மவுஸைச் சொடுக்கினாள். கோப்பைச் சேமித்தாள். பின்னால் வந்து நின்ற மேடம் கணினித் திரையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இப்பதான் ஒரு ஸ்டார் மாதிரி இருக்கா. இதையே வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை மேடையில தங்கச்சிய நேர்ல பாட வச்சிடு. ஆனா போஸ்டருக்குப் பின்னாலேருந்து பாடட்டும். சஸ்பென்சா இருக்கும்."

சஸ்பென்ஸ். பாடுகிறவளை மறைத்து வைப்பதற்கு அப்படியும் ஒரு பெயர் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. மூத்தவள் "சரி மேடம்" என்றாள். களைப்பு எதற்கும் சரி சொல்லும்.

மாலையில் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் தையல் மேசைமேல் வைத்துத் திறந்தாள். அம்மா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அடடா. மகாலட்சுமி மாதிரி இருக்காளே," என்றாள். "நாளைக்கு எவனாவது பொண்ணு கேட்டா இந்தப் படத்தையே குடுத்துடலாம்."

வேலை முடிந்து வந்த ரேடியோ, தோள்பையைக் கழற்றாமலேயே குனிந்தாள். பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"யாருக்கா இது?"

"நீதான்டி."

"பல்லு மட்டும்தான் என்னோடது," என்றாள் தங்கை. "அது ஏற்கெனவே வெள்ளையா இருக்கு, அதனால விட்டு வச்சிருக்க."

"விளையாடாத. மேடம் இதைத்தான் ஓகே பண்ணாங்க. வெள்ளிக்கிழமை நீ போஸ்டருக்குப் பின்னால நின்னு பாடணும்."

"நான் எதுக்கு?" ரேடியோ திரையிலிருந்த வெளிறிய முகத்தை விரலால் தொட்டாள். "இவளே பாடட்டும்."

"ஏய்."

"நெஜமாத்தான் சொல்றேன். இவ மூஞ்சி இருக்கட்டும், இவளே வாயத் தொறக்கட்டும். அலமாரியில பாடினதையும் அழிச்சிடு. அது என் குரல். நான் குடுக்கல."

அம்மா சமாதானத்துக்கு வந்தாள். "இதுல என்னடி இருக்கு? ஸ்டூடியோவுல எல்லாருக்கும் இப்படித்தான் செய்றான். அக்காவோட காலேஜ் கார்டுல கூட வெளுப்பாதான் இருக்கா. அவ அழுதாளா?"

"அக்கா அழ மாட்டாம்மா. அவளுக்கு நேரம் இல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று அந்த வீட்டில் பாட்டில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. அப்பா சாப்பிட உட்கார்ந்தவர், "என்ன, ரேடியோவுக்கு மின்சாரம் இல்லையா?" என்று கேட்டார். அம்மா குழம்பை ஊற்றினாள்.

பாட்டில்லையேல் தூவானம் இல்லை. தூவானம் இல்லையேல் தேர்ச்சியில்லை. மூத்தவளுக்கு முதலில் வந்தது கோபம். எவ்வளவு உழைப்பு, கடைசியில் இவள் வந்து காலை வாருகிறாளே என்று பொருமினாள். கை கழுவப் போனவள் குளியலறைக் கண்ணாடியில் தன்னைக் கண்டாள். அங்கே நின்றதும் அதே நிறந்தான். அலமாரிக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு நானும்தானே வாயடைத்து நின்றேன். அப்போது அந்தக் குரலில் எந்த நிறத்தைக் கண்டேன்? அவளுக்குள் கேள்வி எழுந்தது. கேள்வியோடே போய்ப் படுத்துவிட்டாள். அவ்வளவு அசதி.

மறுநாள் கணினி அறையில் லென்ஸ் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்தாள். திருத்தாத மூலப் படத்தைத் திறந்தாள். நிறத்தை உறிஞ்சி எடுக்கும் கருவியொன்று அந்த மென்பொருளில் உண்டு. சொட்டு மருந்துக் குழாய் போலிருக்கும். அதைத் தங்கையின் கன்னத்தில் வைத்துச் சொடுக்கினாள். கட்டத்தில் ஒரு நிறம் வந்து விழுந்தது. மென்பொருளுக்கு அதை அழகென்றும் சொல்லத் தெரியாது, அழுக்கென்றும் சொல்லத் தெரியாது. எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. மனிதர்களுக்குத் தெரியாத நாகரிகம்.

அந்த நிறத்தைப் பட்டியலின் முதல் கட்டத்தில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் என்ன நிற்கும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பால் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது; தள்ளினாள். ஆழ்ந்த பச்சை நின்றது. செங்கல் நிறம் நின்றது. கடுகு மஞ்சள் ஒரு கோடாக, அளவோடு நின்றது. எதையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

லென்ஸ் வந்து பார்த்தான். "எல்லாத்தையும் மறுபடியுமா? லோகோ, அட்டை, போஸ்டர்?"

"எல்லாத்தையும்."

"தரம் இறங்கும், தெரியும்ல?"

"தெரியும்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "சரி. அப்ப படத்தையும் திரும்ப எடுத்துடலாம். போன தடவை நான் துணிக்குத்தான் வெளிச்சம் அளந்தேன். துணி எங்க பாடப்போகுது?"

மேடத்தின் அறையில் பேச்சு நீளவில்லை. அவர் புதிய பட்டியலை வாங்கிப் பார்த்தார். அவர் முகப்பூச்சு தாடையோடு நின்றுபோயிருந்தது. கழுத்து இயற்கையான நிறத்தில், மூத்தவளின் நிறத்தில் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மெல்ல. "ஆனா நான் கையெழுத்துப் போட்டது இது இல்லையேம்மா."

"தெரியும், மேடம்."

"நான் கொடுமைக்காரி இல்ல. வெளியில வேலைக்குப் போனா கம்பெனிக்காரன் இதைத்தான் கேப்பான். ஏத்து, ஏத்துன்னுதான் சொல்வான். என்கிட்டயும் சொன்னான்."

"நீங்க என்ன செஞ்சீங்க, மேடம்?"

அவர் பட்டியலை மேசைமேல் வைத்தார். பேனாவைத் திறந்து மறுதேர்வு என்று ஓரத்தில் எழுதினார். "ஒரு படி குறையும். சிபாரிசுக் கடிதம் முதல் தரத்துக்கு மட்டும்தான். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

அந்தக் கடிதத்தை நம்பித்தான் அவள் வேலைக்கு வழி வைத்திருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெற்றி பெற்றவளின் நடை அல்ல அது. மூட்டையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டவளின் நடை.

தங்கையைக் கெஞ்சவில்லை. லேப்டாப்பை அவள் மடியில் வைத்தாள்.

"பாரு. பிடிக்கலைன்னா பாட வேணாம். பாட்டையும் அழிச்சிடறேன்."

பச்சைத் திரைக்கு முன்னால், முன்தினம் மொட்டை மாடியில் லென்ஸ் புதிதாக எடுத்த படம். அதற்குத் தங்கை வந்து நின்றதே பெரிய காரியம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றாள். அந்த முறைப்பு அப்படியே படத்தில் இருந்தது. கன்னத்தில் வெயில் வழுக்கிக்கொண்டு நின்றது.

"மூக்கு பெருசா தெரியுது," என்றாள் ரேடியோ.

"அது உன் மூக்கு."

"தெரியும். இருக்கட்டும்." லேப்டாப்பை மூடிவிட்டு, "உனக்கு மார்க் போயிடுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்? நீ என் மூஞ்சிய ஏத்தின கொஞ்சமா?"

மூத்தவள் சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. "பாடுவியாடி?"

"போஸ்டருக்கு முன்னாலதான் நிப்பேன்."

நின்றாள். வெள்ளிக்கிழமை பிற்பகல், பாதி நாற்காலிகள் காலியாயிருந்த அரங்கில், தன் முகத்துக்கு முன்னால் தன் முகத்தோடு நின்று பாடினாள். கைதட்டல் வந்தது, பெருமழையாக அல்ல, தூறலாக. முதல் தரம் வேறொரு குழுவுக்குப் போனது. அவர்களுடைய பாடகி சுவரொட்டியில் பாலாடைபோல் இருந்தாள். கல்லூரி நடைவழியில் மாட்டியது அந்தச் சுவரொட்டியைத்தான். திரும்பும் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. அக்காளும் தங்கையும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, யாரும் கேட்காமலே, சின்னவள் மெல்லப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். மூத்தவள் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பார்த்தீர்கள். இனி, சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்லித் தப்பிக்க உங்களுக்கு வழியில்லை. ஒரு மாணவி தன் வேலைக்கான வழியை விலையாகக் கொடுத்துத் தங்கையின் முகத்தை மீட்டிருக்கிறாள். இந்த விலையை அடுத்த பெண்ணும் கொடுக்க வேண்டுமா? பாடம் நடத்துகிறவர்களே, உங்கள் விதியைத் திருப்பி எழுதுங்கள்: முதலில் முகம், பிறகு நிறம். படம் திருத்துகிறவர்களே, "கொஞ்சம் ஏத்து" என்று சொல்கிறவரைப் பார்த்து ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கையை எடுத்துவிடுங்கள். பெற்றவர்களே, உங்கள் பிள்ளையின் படத்தை யாராவது வெளுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். முதல் தரம் பெற்ற சுவரொட்டி மாட்டிய நடைவழி உங்கள் ஊரிலும் இருக்கும். நாளைக் காலை அதன் வழியாகப் போங்கள். பொறுப்பானவரின் கதவைத் தட்டுங்கள். பாடியவளின் முகம் எங்கே என்று கேளுங்கள்.