இருபது புள்ளி இரண்டு

முதலாண்டு வேதியியலில் செறிவு என்ற பாடத்தை நாங்கள் நாற்பது பேர் படித்தோம். புரிந்துகொண்டவள் ஆக்சிலியா ஒருத்திதான். மற்ற முப்பத்தொன்பது பேரும் மனப்பாடம் செய்தோம். அதில் நான் கெட்டிக்காரி. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் வரையறையை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பேன்.

மாதவராஜ் சார் ஒருநாள் கேட்டார்: "ஒரு லிட்டர் கரைசல்ல இன்னொரு லிட்டர் தண்ணி ஊத்தினா செறிவு என்ன ஆகும்?" நான் எழுந்து நின்று வரையறையை முழுதாக ஒப்பித்தேன். பின் பெஞ்சிலிருந்து ஆக்சிலியா, "பாதியாயிரும் சார்" என்றாள். சார் என்னைப் பார்த்து, "சுகுணா, உக்காரும்மா" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடிக்காது. அவளுக்கு அது தெரியாது. என்னைத் தன் தோழி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவள் அப்பா சவுரியப்பன் கல்குவாரியில் கூலி. அரூர்ப் பக்கம் வீடு. மகளைக் கல்லூரியில் சேர்த்த அன்றே அவர் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "ஒரு பாடம் போச்சுன்னாலும் பொட்டியக் கட்டிக்கோ. உங்க அக்காகூட திருப்பூருக்குப் போயிரு." அக்கா பனியன் கம்பெனியில் கத்தரிக்கோலால் நூல் பிசிறு வெட்டுகிறாள். அந்தக் கத்தரிக்கோலுக்குப் பயந்தே ஆக்சிலியா படித்தாள்.

செய்முறைத் தேர்வு வந்தது. எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. கரைசலைத் தயாரிப்பவர் லேப் அட்டெண்டர் காளியப்பன். பியூரெட் என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து எவ்வளவு இறங்கினால் குடுவையில் நிறம் மாறும் என்பதை அவரே தேர்வுக்கு முன்னால் காதில் போட்டுவிடுவார். அதற்கு வேல்யூ என்று பெயர். வேல்யூ தெரிந்தபிறகு யார் நிறத்தைப் பார்ப்பார்கள்? குழாயைத் திறந்து அந்தக் கோடு வரை இறக்கிவிட்டு, மூன்று முறை செய்ததாக எழுதிவிடுவோம். அந்த வருட வேல்யூ இருபது புள்ளி இரண்டு.

அன்று காலையில் காளியப்பன் என்னை அழைத்து, ஆக்சாலிக் அமிலம் இருந்த ஐந்து லிட்டர் கேனைத் தேர்வு மேசைக்குத் தூக்கிப் போகச் சொன்னார். வாசற்படியில் கால் இடறியது. மூடி சரியாக இல்லை. ஒரு லிட்டர் தரையில் போய்விட்டது. அந்த ஆள் வாயைத் திறந்தால் காது கூசும். பக்கத்திலேயே வாலைவடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், இருந்தது. பழைய அளவு வரை ஊற்றி நிரப்பினேன். எங்கள் வீட்டில் சொசைட்டிக்குப் போகும் பாலில் அம்மா செய்வதுதான். கேன் நிறைந்திருக்கிறது, அவ்வளவுதானே? பாதியாயிரும் என்ற வார்த்தை அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. துணியால் தரையைத் துடைத்துவிட்டு ஹால் டிக்கெட்டை எடுக்கப் போனேன்.

தேர்வு தொடங்கியது. எனக்கு அடுத்த மேசை ஆக்சிலியாவுக்கு. குடுவையில் அமிலத்தைச் சூடாக்கி, பியூரெட்டில் ஊதா நிற பெர்மாங்கனேட்டை நிரப்பி, குழாயைத் திறந்தேன். இருபது புள்ளி இரண்டில் மூடினேன். லேசான ரோஸ் நிறம் வரவேண்டிய குடுவையில் நாவல்பழச் சாறு போல நின்றது. யாரும் பார்க்குமுன் தொட்டியில் கொட்டினேன். எல்லோரும் கொட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆக்சிலியா மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டாள். ரோஸ் நிறம் வந்ததும் மூடினாள். பதினாறு புள்ளி இரண்டு. மறுபடி செய்தாள். அதே பதினாறு புள்ளி இரண்டு. மூன்றாவது முறையும் அதுவே. என் பக்கம் திரும்பி, "சுகுணா, காளியப்பண்ணன் தப்பாச் சொல்லிட்டாரு போல" என்று கிசுகிசுத்தாள்.

கேனில் நான் ஊற்றியது நினைவுக்கு வந்தது. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். இருபதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பதினாறு. செறிவு என்றால் என்ன என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு வருடம் ஒப்பித்தது அப்போதுதான் உள்ளே இறங்கியது. புரிந்ததும் நான் செய்த முதல் காரியம், வாயை இறுக மூடிக்கொண்டது.

வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவள் தாளை எடுத்துப் பார்த்தார். "முப்பத்தொம்போது பேருக்கு இருபது வருது. உனக்கு மட்டும் பதினாறா? கெமிஸ்ட்ரி உனக்குன்னு தனியா வேலை செய்யுமா?"

"மூணு வாட்டி செஞ்சேன் சார். அதான் வருதுங்க சார்."

"வராது. எல்லாரும் இங்க வாங்க. இந்த மேதாவியப் பாருங்க."

நாங்கள் சுற்றி நின்று சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். அவர் ஒரே ஒரு முறை தன் கையால் செய்து பார்த்திருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். பத்து நிமிட வேலை. ஆனால் மணி ஒன்றாகிவிட்டது, சாப்பாடு வந்துவிட்டது.

"சரி, அடிச்சிட்டு இருபது புள்ளி ரெண்டுன்னு எழுது. பாஸ் போட்டுடறேன்."

ஆக்சிலியா பேனாவை எடுத்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு பேனாவை மேசையில் வைத்தாள். "எனக்கு வந்ததத்தானே சார் எழுதணும்?" என்றாள். திமிராக இல்லை, அப்பாவியாகக் கேட்டாள். அந்த மனுஷனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஐம்பதுக்கு ஒன்பது போட்டார்.

எனக்கு நாற்பத்தெட்டு.

ரிசல்ட் வந்த வாரம் சவுரியப்பன் கல்லூரிக்கே வந்து சான்றிதழ்களை வாங்கினார். பஸ் ஸ்டாண்ட் வரை நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், பதினாறுதான் வந்தது என்று அவள் யாரிடமாவது சொல்லி, கேன் விஷயம் வெளியே வந்துவிடுமோ என்ற பயம்தான். பாசம் ஒன்றும் இல்லை.

பஸ் நிற்கும் இடத்தில் அவள் என் கையைப் பிடித்தாள். "சுகுணா, நீ பக்கத்துலதானே இருந்த. மறைக்காமச் சொல்லு. பதினாறுல ரோஸ் கலர் வந்துச்சா, இல்லியா?"

சொல்லியிருக்கலாம். மாதவராஜ் சாரிடம் ஓடியிருக்கலாம். என் நாற்பத்தெட்டு போயிருக்கும், அவ்வளவுதான்.

"வரல ஆக்சிலியா," என்றேன். "கலர் வர்றதுக்கு முன்னாலயே நிறுத்திட்ட. நான் பாத்தேன்."

அவள் முகம் மெல்லத் தொங்கிப்போனது. "அப்ப என் கண்ணுதான் சரியில்லயா?"

"கண்ணு சரியில்லன்னு அங்க போய் ஒளறி வைக்காத," என்றார் சவுரியப்பன், பெட்டியைத் தூக்கியபடி. "அப்புறம் கம்பெனியிலயும் எடுக்க மாட்டானுங்க."

பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினாள். "எல்லாரும் சிரிச்சாங்களே தவிர ஒருத்தரும் வெவரம் சொல்லல. நீயாச்சும் உண்மையச் சொன்னியே, சுகுணா," என்றாள். பஸ் திரும்பும் வரை கையசைத்துக்கொண்டே போனாள். நானும் அசைத்தேன்.