செலிந்தா கொடுத்த புனல்

1922-ஆம் வருஷம் ஈஸ்டரை ஒட்டிப் புட்டியில் அடைத்த ஒயின் போர்கோ சலெத்தோ ஊர் முழுக்க விளக்கெண்ணெயாக ருசித்தது. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு நூறு புட்டி என்று வைத்துக்கொள்ளலாம். நிறம் பழைய சிவப்புதான், நுரையும் பழைய நுரைதான். நாக்கில் பட்ட பிறகே அந்த வழவழப்பும் குமட்டும் வாடையும் தெரிந்தன. அடுத்த இருபத்துமூன்று வருஷமும் அப்படியே ருசித்தது, ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் வாயை மூட ஒரு லிட்டர் எண்ணெய் போதுமானதாக இருந்தது.

பீப்பாய் செய்யும் அல்சீதேயின் மனைவி செலிந்தாவிடம் ஒரு செம்புப் புனல் இருந்தது. ரொட்டிக்கூடை அளவுக்கு அகன்ற வாய். அடிக்குழாயின் ஓரத்தில் ஒரு விரிசல், அதை அடைத்து முரட்டுத்தனமாக ஒட்டிய ஈயப் பத்து. ஈஸ்டருக்கு முந்தைய வளர்பிறையில் அடைத்தால்தான் ஒயின் நுரைக்கும் என்பதால் அந்த நாட்களில் ஊரே புட்டியும் தக்கையுமாக அலையும், பெரிய புனல்கள் வீடு வீடாகச் சுற்றும். அதற்கு ஒரு முறை உண்டு. நிலா வளரும் நாளில் புனல் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, எதற்கு என்று கேட்கவும் கூடாது. வாங்கிப் போனவர் ஒரு புட்டி ஒயினோடு திருப்பித் தர வேண்டும்.

அந்த வருஷம் புனித வாரத்துத் திங்கட்கிழமை, நண்பகல் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, நெல்லோ ஸ்கார்தோவி வந்து செலிந்தாவின் கதவைத் தட்டினான். நெல்லோ தையல் மிஷின் விற்கிறவன். போரிலிருந்து லெப்டினன்ட் தொப்பியோடு திரும்பியவனிடம் யாரும் மிஷின் வாங்கவில்லை. கூலிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம் நிலக்காரர்கள் அவனுக்கு ஒரு லாரியும் பெட்ரோல் செலவும் கொடுத்தார்கள். கறுப்புச் சட்டை போட்ட முப்பது பையன்களும் சேர்ந்தார்கள். கூட்டுறவுக் கடையை எரித்தது அவர்கள்தான் என்று ஊருக்கே தெரியும், அதையும் யாரும் சொல்லவில்லை. இப்போது அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றான்.

“செலிந்தாக்கா, புனலைக் கொஞ்சம் குடுங்க. அரை மணி நேரத்துல திருப்பிடறேன்.”

நெல்லோவின் வீட்டில் ஒரு திராட்சைக் கொடிகூடக் கிடையாது. அவனுக்குப் பின்னால் லாரியில் எதிர்வீட்டு ஆசிரியர் அமில்கரே இரண்டு பையன்களுக்கு நடுவே தொப்பியில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூலிக்காரர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறவர். நெல்லோவுக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவர் செலிந்தாவைப் பார்த்தார். புனல் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று அவள் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அவள் ஆணியிலிருந்து புனலை எடுத்தாள். ஒரு பொருளை இரவல் கொடுக்கும்போது சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் ஆதலால், இடுப்பில் கட்டியிருந்த துணியால் நன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். பிற்காலத்தில் கொடுத்ததைவிடத் துடைத்ததை நினைத்துத்தான் அவள் அதிகம் கூசிப்போனாள்.

சதுக்கத்தில், காப்பிக்கடைக்கு எதிரே, பட்டப்பகலில் அது நடந்தது: ஆசிரியரின் வாயில் புனலைச் செருகி ஒரு லிட்டர் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சாத்திய ஜன்னல்களின் இடுக்கு வழியாக எல்லோரும் பார்த்தார்கள். சொன்ன நேரத்தில் புனல் திரும்பி வந்தது, முறைப்படி ஒரு புட்டி ஒயினோடு. “கேட்டா குடுக்கத்தானே வேணும்? நிலா வளருதுல்ல?” என்றான் அல்சீதே, அவள் எதுவும் கேட்காமலே. ஒன்பதாம் நாள் ஆசிரியர் இறந்துபோனார். குடல் பலவீனம் என்று மருத்துவர் எழுதினார். புனல் திரும்பி வந்த உடனேயே செலிந்தா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மூன்று தடவை கொதிநீரில் கழுவியிருந்தாள். அந்தத் திங்கட்கிழமை மாலையே பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டு வந்திருந்தாள். அங்கிருந்து அது வீடு வீடாகப் போனது.

ஜூனில் முதல் புட்டியைத் திறந்த அல்சீதே ஒரு வாய் குடித்து, மனைவியைப் பார்த்து, “நல்லாருக்கு” என்றான். அவளும் குடித்துவிட்டு, “போன வருஷத்தைவிட நல்லாருக்கு” என்றாள். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். பாதிரியார் திருப்பலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். ஜனங்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். அக்டோபரில் ரோமிலும் கறுப்புச் சட்டைகள் ஆட்சிக்கு வந்தன. நாலு வருஷம் கழித்துத் தேர்தலே வேண்டாம் என்று ஆனபோது, நெல்லோ தலைநகரத்துக் காகிதத்தோடு ஊர்த் தலைவரானார். அவன் அவர் ஆனது அப்படித்தான். வெள்ளைக் குதிரையில் வந்தார், மாடத்திலிருந்து பேசினார், கைகள் உயர்ந்தன. உயராத கைகளின் பெயரைப் பக்கத்துக் கைகளே எழுதிக் கொடுத்தன. மாகாணக் கண்காட்சியில் நடுவர்கள் எங்கள் ஒயினை வாயில் வைத்தார்கள், சுவரோரம் நின்ற கறுப்புச் சட்டைப் பையன்களைப் பார்த்தார்கள், விழுங்கிவிட்டுத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். நாலு வருஷம் தொடர்ந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் ஒயின் என்றாலே இப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தார்கள். அபிசீனியப் போருக்குப் போனவர்கள், இங்கே கொடுக்கும் ஒயினில் ருசியே இல்லை என்று வீட்டுக்கு எழுதினார்கள். ஞாயிறு சாயங்காலம் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடும். வழியில் எதிர்ப்பட்டால் வானிலை பற்றிப் பேசிக்கொள்வோம். சிலர் புதுப் புனல் வாங்கினார்கள், சிலர் கொடியையே வெட்டிவிட்டு வேறு நட்டார்கள். ருசி மாறவில்லை.

ஆசிரியரின் மனைவி இர்மா மட்டும் ஒயினைத் தொடவில்லை, தண்ணீர்தான் குடித்தாள். தினமும் காலையில் வாசல் பெருக்குவாள், எதிரே செலிந்தாவைக் கண்டால் “நல்லாருக்கியா?” என்பாள். “இருக்கேன் இர்மாக்கா” என்று செலிந்தா அவள் செருப்பைப் பார்த்துச் சொல்வாள். இருபத்துமூன்று வருஷத்தில் அந்தச் செருப்புக்கு எத்தனை முறை அடி மாற்றினார்கள் என்பது அவளுக்குத் தெரியும், முகம் எப்படி மூப்படைந்தது என்பது தெரியாது. போருக்காகச் செம்பு வசூலித்தபோது இரண்டு தடவை புனலைக் கொண்டுபோய்ப் போட்டாள். இரண்டு தடவையும் மறுநாள் அது தன் ஆணியில் தொங்கியது.

1943 ஜூலையில் ரோமின் ஆட்சி விழுந்தபோது நெல்லோ ஆறு வாரம் ஒளிந்திருந்து, ஜெர்மானியர்களோடு திரும்பி வந்து, முன்னைவிட மோசமாக ஆண்டார். 1945 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் ஓடினார்கள். மலையிலிருந்து போராளிகள் இறங்கினார்கள். நெல்லோவைப் பன்றித் தொழுவத்தில் பிடித்தபோது தாயின் சால்வையைத் தலையில் முக்காடிட்டிருந்தார். சதுக்கத்தில், அதே காப்பிக்கடைக்கு எதிரே, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சுற்றி நின்று கத்தியவர்களில் கை உயர்த்தாதவர் யார் என்று விரல் விட்டு எண்ணினால் விரல்கள் மிஞ்சும். கசாப்புக்கடை புரூனோ, நேற்றுவரை மாடத்துக்கு நேர் கீழே நின்றவன், செலிந்தாவின் கதவைத் தட்டினான்.

“அக்கா, அந்தப் புனலைக் குடுங்க. இன்னைக்கு அவன் வைத்தியம் அவனுக்கே!”

அன்றும் வளர்பிறைதான். செலிந்தா புனலை எடுத்தாள். துடைக்கவில்லை, அவனிடம் கொடுக்கவும் இல்லை. தானே தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்கு நடந்தாள்.

நெல்லோ தாகத்துக்குக் கேட்டிருந்தார். “இந்தா, உன் தங்கமெடல் ஒயின், குடி!” என்று யாரோ ஒரு கிளாஸை நீட்டினார்கள். அவர் அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தார்.

“தண்ணி குடுங்கப்பா. இந்த எண்ணெயை இனிமே என்னால குடிக்க முடியாது.”

கிளாஸை நீட்டிய கை கீழே இறங்கியது.

“இருபத்துமூணு வருஷம். நீங்கெல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னீங்க. எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதுன்னு நெனச்சேன். வெளிய சொல்லப் பயமா இருந்துச்சு.”

“பொய்! ஒயின் நல்லாத்தான் இருக்கு!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பழக்கதோஷம், பாவம். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். புரூனோ புனலைப் பிடுங்கக் கை நீட்டினான். செலிந்தா அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் இர்மா நின்ற இடத்தைத் தேடித் தலையை நிமிர்த்தினாள். இர்மாவின் தலை முழுக்க நரைத்திருந்தது. அது அவளுக்குப் புதுச் செய்தி.

“எண்ணெய்தான்” என்றாள் செலிந்தா. “என் புனல், இர்மாக்கா. அவன் கேட்டான், நான் குடுத்தேன். லாரியில அவரப் பார்த்துட்டுத்தான் குடுத்தேன். எதுக்குன்னு தெரியும். தொடச்சு வேற குடுத்தேன்.”

“தெரியும்டி” என்றாள் இர்மா. “அந்த ஈயப் பத்து அவர் உதட்டைக் கிழிச்சிருந்துச்சு. ஊர்ல வேற யார் புனல்ல பத்து இருக்கு? நீயே ஒரு நாள் வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். தெனமும் வாசல் பெருக்குனது எதுக்குன்னு நெனச்சே?”

“என்னை மன்னிச்சிருங்கக்கா.”

“அதை அவருகிட்டக் கேளு. புனலை எங்கிட்டக் குடுக்காத, இவன்கிட்டயும் குடுக்காத. உன் வாசல்ல மாட்டு. நான் பெருக்கும்போது கண்ணுல படுற மாதிரி மாட்டு.”

பிறகு நெல்லோ தொடாத கிளாஸை வாங்கி, இருபத்துமூன்று வருஷத்துக்குப் பின் முதல்முறையாக ஒரு வாய் குடித்தாள். “ஆமா, எண்ணெய்தான்” என்றாள். கிளாஸ் புரூனோவுக்குப் போனது. அவன் குடித்து, தலையைக் குனிந்துகொண்டு, எண்ணெய்தான் என்றான். அப்படியே கை மாறிக் கை மாறிச் சாயங்காலம்வரை போனது. சொல்லும்போது சிலர் அழுதார்கள், சிலர் வாந்தியெடுத்தார்கள். நெல்லோவை யாரும் கவனிக்கவில்லை. போராளிகள் அவரை நகரத்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருஷமே பொது மன்னிப்பில் வெளியே வந்து, வேறு ஊரில் தையல் மிஷின் விற்றுப் பிழைத்ததாகக் கேள்வி.

ஒயின் மாறவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோமே, இனித் தெளிந்துவிடும் என்று ஒரு வருஷம் எதிர்பார்த்தோம், பிறகு அதை விட்டுவிட்டோம். வெளியூர் வியாபாரிகள் வாயில் வைத்ததும் துப்பினால், “ஆமாங்க, எண்ணெய்தான். எங்க ஊர் ஒயின்” என்று சொல்கிறோம். சாப்பாட்டு மேசையில் முதல் கிளாஸைத் தூக்கும்போது ஒருவர் “எண்ணெய் இருக்கு” என்பார், மற்றவர்கள் “இருக்கு” என்பார்கள், அதன் பிறகே குடிப்பது. கல்யாணத்திலும் அப்படித்தான்.

புனித வாரத்தில் யாராவது புனல் கேட்டு வந்தால் செலிந்தா “எதுக்கு?” என்று கேட்பாள். தலையில் ஒயின் குடத்தோடு நின்றாலும் கேட்பாள், பதில் வாங்கிக்கொண்டுதான் வாசல் ஆணியிலிருந்து எடுப்பாள். திரும்பி வரும் புட்டியைத் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி எடுத்துக்கொண்டு தெருவைக் கடப்பாள். இர்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு வாய் குடிப்பாள், “எண்ணெய்தான்” என்பாள், கிளாஸைத் திருப்பிக் கொடுப்பாள். உள்ளே வா என்று ஒருநாளும் சொன்னதில்லை.