வாத்தியார் தேடிய வண்டி

"யாருப்பா இந்த வண்டியைக் குறுக்க விட்டது? வேன் உள்ள வரணுமா வேணாமா?"

தெருவில் எழுந்த சத்தம் கேட்டு, வாத்தியாரின் மேல் போர்த்திய வெள்ளைத் துணியை நாலாவது முறையாக நீவிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வாசலுக்கு வந்தாள். வீட்டுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார். பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும், கதவில் ஒரு நசுங்கல். யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை.

வாத்தியார் என்றால் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபத்தாறு வருஷம் அடுத்தவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை நம்பியே பிழைப்பை ஓட்டியவர். அவளும் ஒரு காலத்தில் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவள்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும், அவள் கால் பிரேக்கோடு ஒட்டிக்கொள்ளும். "கால எடுங்கம்மா, வண்டி போகட்டும்" என்று நாற்பது நாள் சொல்லிப் பார்த்தார். லைசென்ஸ் வரவில்லை, கல்யாணம்தான் வந்தது. புருஷனான பிறகும் அவளுக்கு அவர் வாத்தியார்தான்.

நேற்றுக் காலை ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தாராம். அந்தப் பெண் அதையே சொல்லிச் சொல்லி அழுதது.

அந்த மனுஷனுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. ஊருக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, சொந்தக் கார் வைத்திருக்கும் யாரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அதில் சுற்றலாம். ஒரு தடவையாவது தானே ஸ்டியரிங்கைப் பிடித்து அங்கே ஓட்ட வேண்டும் என்று, கைக்கு அடக்கமான விலையில் பழைய வண்டி தேடினார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே நோட்டை விரித்துக்கொள்வார். "பவர் கெடக்கட்டும். எடை கம்மியா இருக்கணும், பிரேக் சூடானாலும் பிடிக்கணும், டயர் மாத்த வீட்டை விக்கக் கூடாது" என்று அவளுக்குப் பாடம் நடத்துவார். "அம்பத்தெட்டு வயசுல இது என்ன கூத்து?" என்பாள் அவள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சிவப்பு வண்டி அமைந்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாக இருந்தது. போட்டோவைப் பார்த்ததுமே, இதில் இவர் பறந்தால் என்ன ஆவது என்று அவளுக்குப் பட்டது. நோட்டிலிருந்து நம்பரை எடுத்து, விற்பவருக்கு அவளே போன் போட்டாள். "அவருக்கு வேணாமாம், வேற ஆளுக்குக் குடுத்துடுங்க." மறுநாள் வாத்தியார், "அது கைமாறிடுச்சாம்" என்றார். சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், போனார். தப்பித்தோம் என்று அன்றைக்கு அவள் மூச்சுவிட்டாள். நேற்றிலிருந்து அந்த ஒரு போன்தான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. பாவி, வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மனுஷன் ஒரு சுற்றாவது சுற்றியிருப்பாரே!

"நான்தான் விட்டேன், இதோ எடுத்துடறேன்." கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெக்கானிக் வந்தான். ஸ்கூல் வண்டிகளைப் பழுது பார்ப்பவன். காரை ஓரம்கட்டிவிட்டு அவளிடம் வந்து சாவியை நீட்டினான்.

"அண்ணி, இது அண்ணனோட வண்டி. நேத்துத்தான் வேலை முடிஞ்சு ரெடியாச்சு. அதுக்குள்ள..."

"எனக்குத் தெரியாம வாங்கினாரா?"

"செகப்பு வண்டிக்கு நீங்க போன் பண்ணது அவருக்குத் தெரியும் அண்ணி. வித்தவனே சொல்லிட்டான்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "கோவப்பட்டாரா?"

"சிரிச்சாரு. 'என் காலடியில பிரேக் இருந்துச்சு, நான் யார் ஓட்டினாலும் தைரியமா உக்காந்தேன். அவ எதை நம்பி உக்காருவா?'ன்னாரு. அதுக்கப்புறம் எந்த வண்டியைக் காட்டினாலும் ஒரே கேள்விதான். பக்கத்து சீட்டுல இன்னொரு பிரேக் வைக்க எடமிருக்கா? அஞ்சு வண்டியைத் தள்ளிட்டாரு. அதுல ஒண்ணு எஞ்சின் தங்கம், எனக்கு வயிறு எரிஞ்சுது. டிராக்ல பேசி அனுமதியும் வாங்கிட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை உங்களையும் ஏத்திக்கிட்டுப் போறதா இருந்தாரு. 'சொல்லித் தொலைச்சுடாதடா'ன்னாரு."

வேன் உள்ளே வந்தது. நாலு பேர் சேர்ந்து வாத்தியாரைத் தூக்கி அதில் வைத்தார்கள். "அக்கா, நீ முன்னால ஏறிக்கோ" என்று தங்கை கையைப் பிடித்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு, சாவியை மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டு, சாம்பல் நிற வண்டியின் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தாள். காலுக்கு நேராக ஒரு பெடல் இருந்தது. அதன் மேலிருந்த ரப்பர் கொஞ்சமும் தேயாமல் கறுப்பாக இருந்தது.

வேன் கிளம்பியது. மெக்கானிக் கியரைப் போட்டு கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. "இப்பத்தானே நல்லா ஓடுச்சு" என்று முணுமுணுத்தபடி மறுபடி ஸ்டார்ட் செய்தான். மறுபடி அணைந்தது. ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தான், இறங்கித்தான் இருந்தது. அதன் பிறகு குனிந்து பார்த்தான். அவளுடைய செருப்புக் கால் பெடலைத் தரைவரை மிதித்துக்கொண்டிருந்தது.

அவனும் வாத்தியாரிடம் கற்றவன்தான்.

"அண்ணி" என்றான் மெதுவாக. "கால எடுங்க. வண்டி போகட்டும்."

தெருமுனையில் வேன், திரும்ப வேண்டிய பக்கத்து விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றிருந்தது.