ஐந்து மணிக்கு வார்னிஷ்

சனிக்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு போன் வந்தது. அம்மாவை ஒரு படத்தில் ஒட்டிவிட்டார்கள். ஐந்து மணிக்கு வார்னிஷ் அடிப்பார்கள். வார்னிஷ் அடித்துவிட்டால் பிரிக்க முடியாது.

பேசியவர் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் தாமோதரன். அவருக்குக் கீழேதான் அம்மா வேலை செய்கிறாள். ‘ஈரம்’ என்கிற கலைக்கூடத்தில் தரை துடைப்பாள். வகுப்பு முடிந்ததும் பிரஷ் கழுவுவாள்.

“டியூட்டின்னு எழுதவா, லீவுன்னு எழுதவா?” என்றார்.

“அங்கதானே சார் இருக்காங்க?”

“இருக்காங்க. ஆனா சுவத்துல இருக்காங்க.”

டியூட்டி என்றே எழுதச் சொன்னேன்.

ஃபைலோடு கிளம்பினேன். திங்கட்கிழமை எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. கிளார்க் வேலை. எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தது நான். எங்கள் பிளாக்கிலும் நான்தான். ஒரு வாரமாக அந்த ஃபைலை நான் கீழே வைக்கவில்லை. குளிக்கும்போது மட்டும் பீரோ மேல் வைப்பேன்.

அம்மாவோடு பேசி இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. காரணம் அந்த ஃபைலுக்குள்தான் இருந்தது. டிகிரி சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அம்மா அதை பஸ் ஸ்டாண்டு கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் பண்ணிவிட்டாள். கூடவே மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், எல்லாம். எங்கள் வீடு மேல்மாடி. மழை சுவர் வழியாக உள்ளே வரும். முக்கியம் என்று அம்மா நினைக்கிற எதுவும் எங்கள் வீட்டில் வெறும் காகிதமாக இருக்காது. கரண்ட் அட்டையைக்கூட லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள்.

அழைப்புக் கடிதத்தில் ஏழாவது குறிப்பு: லேமினேட் செய்யப்பட்ட அசல் சான்றிதழ்கள் ஏற்கப்படமாட்டா. அதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு பேசவில்லை. அயர்ன் பாக்ஸ் வைத்து உரிக்கப் பார்த்தேன். ஓரம் சுருண்டது. அவ்வளவுதான்.

கலைக்கூடம் மூன்றாவது மாடி. கீழே செக்யூரிட்டி ஒரு நோட்டை நீட்டினார். அதில் நெடுக்காகக் கோடு போட்டு இரண்டு காலம் பிரித்திருந்தது. ஒன்று ‘பங்கேற்பாளர்’. இன்னொன்று ‘பொருள்’.

“நான் ரெண்டும் இல்லண்ணா. எங்கம்மாவ மேல ஒட்டியிருக்காங்க.”

“அப்ப அவங்க பொருள். பொருளோட சொந்தக்காரங்களுக்குக் காலம் கிடையாதும்மா.”

“ஒண்ணு போடுங்க.”

அவர் ஸ்கேலை எடுத்தார். மூன்றாவது கோடு போட இருபது நிமிடம் ஆனது. கோணல் என்று மூன்று தடவை அழித்தார். கடைசியில் கோடு நேராக வந்தது. இந்தக் காலத்தில் இருப்பவர்கள் லிப்டில் ஏறக்கூடாது என்றார்.

படியேறினேன். ஆறு மாடி ஏறியதும் முதல் மாடி வந்தது. அங்கே ஒரு கூரியர்காரர் படியில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ரெண்டாவது மாடி எங்கண்ணா?”

“போன வாரம் இருந்துச்சு.”

மூன்றாவது மாடிக் கதவைத் திறந்தபோது மணி மூன்றேமுக்கால்.

நீளமான மேசை. இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கிளிஞ்சல், பொத்தான், காய்ந்த இலை, ஓடாத கைக்கடிகாரத்தின் சக்கரங்கள். யாரும் பேசவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வெறுங்காலோடு இருந்தார்கள். காலையில் அம்மா துடைத்த தரை அது.

அம்மா எதிர்ச் சுவரில் இருந்தாள். ஆறடிக்கு நாலடி கேன்வாஸ். பின்னணி நீலம். அதன்மேல் சாக்குத்துணி, மாப்பின் நூல், பழைய பஸ் டிக்கெட். நடுவில் அம்மா. தட்டையாகவும் இல்லை, முழுசாகவும் இல்லை. ஒட்டினால் எவ்வளவு இருப்பாளோ அவ்வளவு இருந்தாள்.

“வந்துட்டியா. சாப்ட்டியா?” என்றாள்.

“இல்ல.”

“பேசமாட்டேன்னு இருந்த. இப்ப பேசிட்ட.”

“எறங்கு.”

“பசை காயலடி. இப்ப எறங்குனா பிச்சுக்கும்.”

“ஒட்டும்போது வாயில என்ன வெச்சிருந்த?”

“சும்மா நில்லுன்னாங்க. நின்னேன். பதினோரு வருசமா இங்க வேல செய்யிறேன். சும்மா நில்லுன்னு இன்னிக்கிதான் சொல்றாங்க.”

“அஞ்சு மணிக்கு வார்னிஷ் அடிப்பாங்க. தெரியுமா உனக்கு?”

“தெரியும். லேமினேசன் மாரிதானே. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது.”

சொல்லிவிட்டு என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். நான் நீலத்தைப் பார்த்தேன்.

அந்தப் படத்தைச் செய்தவர் காதம்பரி. வங்கியில் பெரிய பதவி. எட்டு வருடமாக அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லையாம். களிமண் வகுப்புக்குப் போனார். எம்பிராய்டரிக்குப் போனார். கண்ணாடியில் பெயின்ட் அடிக்கப் போனார். ஒன்றும் வரவில்லை. இன்று காலை ஒரு பயிற்சி கொடுத்தார்கள். சுற்றிலும் பாருங்கள், முதலில் உங்கள் மனதைத் தொடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்படியே இங்க இறங்கிடுச்சு” என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன்.

பயிற்சி கொடுப்பவர் சம்யுக்தா. கழுத்தில் கொட்டாங்கச்சி மாலை போட்டிருந்தார்.

“எங்கம்மாவக் கழட்டிக் குடுங்க” என்றேன்.

“இங்க ஒரே ஒரு ரூல்தான்மா. அவங்கவங்க பண்ணதை அவங்கவங்க எடுத்துட்டுப் போகலாம்.”

“அவங்கதான் என்னைப் பண்ணாங்க.”

“அப்ப அவங்க உங்களை எடுத்துட்டுப் போகலாம். நீங்க அவங்களை எடுத்துட்டுப் போக முடியாது.”

“அவங்க சுவத்துல ஒட்டியிருக்காங்க மேடம்.”

“அது அவங்க சைடு டிலே.” பிறகு யோசித்து, “அவங்கதான் உங்களைப் பண்ணாங்கன்னு ஏதாவது ப்ரூஃப் இருக்கா?” என்றார்.

ஃபைலைத் திறந்தேன். பதினொரு சான்றிதழ். ஒவ்வொன்றாகத் தேடினோம். தந்தை பெயர் ஏழுமலை. தந்தை பெயர் ஏழுமலை. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் வாங்கிய சான்றிதழ்களிலும் அவர்தான் இருந்தார். என் இனிஷியலிலும் அவர்தான். பிறப்புச் சான்றிதழில் மட்டும் அம்மாவுக்கு ஒரு வரி உண்டு. அது லேமினேஷனுக்குள்ளேயே வெளுத்துப்போயிருந்தது.

“அம்மா பேர் என்ன?”

“பவுனம்மா.”

“எங்கயும் இல்லையேம்மா.”

“தோ இருக்கேனே” என்றாள் அம்மா சுவரிலிருந்து. அதை யாரும் ப்ரூஃபாக எடுத்துக்கொள்ளவில்லை.

சம்யுக்தா மணி பார்த்தார். நாலே கால். “ஒண்ணு பண்ணலாம். நீங்க அவங்களைத் திரும்பப் பண்ணுங்க. பாதிக்கு மேல உங்க கையால இருந்தா உங்களுது. வீட்லேருந்து மெட்டீரியல் ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா?”

இருபது பேரும் தலையைத் தூக்கினார்கள். எல்லாரும் ஃபைலைத்தான் பார்த்தார்கள்.

“கிழிச்சன்னா நான் எறங்கமாட்டேன்” என்றாள் அம்மா. “இங்கியே இருந்துக்கறேன். ஃபேனுகூட இருக்கு.”

“பேசாம இரு.”

“அதுல என் முட்டி ரெண்டும் இருக்குடி.”

“அப்ப எடுத்துத் திருப்பி வெக்கிறேன்.”

கத்தரிக்கோல் லேமினேஷனில் வழுக்கியது. காதம்பரி எழுந்து வந்தார். பெயின்ட் காயவைக்கிற சூட்டுக் காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்தார். “ஓரத்துல காட்டுங்க. மெதுவா” என்றார். காட்டினேன். லேமினேஷன் பாலாடைபோல எழும்பியது. பிடித்து இழுத்தேன். முழுசாக உரிந்து வந்தது. எழுத்து ஒன்றுகூடப் போகவில்லை. இருபத்தோரு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்த விஷயம் நாற்பது விநாடியில் தீர்ந்தது.

இப்போது என் கையில் லேமினேஷன் இல்லாத டிகிரி இருந்தது. சுத்தமான அசல். ஏழாவது குறிப்புக்கு இனி என்னிடம் வேலையில்லை. மற்ற பத்தையும் அப்படியே உரித்து ஃபைலில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். கதவு திறந்திருந்தது. படிகூட அங்கிருந்து பார்த்தால் மூன்று மாடிதான் இருந்தது.

அம்மாவும் அதைக் கவனித்துவிட்டாள்.

“போ” என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. மாவு அரைத்துக்கொண்டு வா என்பதுபோல் சொன்னாள். “நாலரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. ஒக்கார எடம் கெடைக்கும்.”

நான் டிகிரியை நடுவில் பிடித்துக் கிழித்தேன்.

காதம்பரி குனிந்து பார்த்தார். “கத்தரிக்காதீங்க, இப்படியே கிழிங்க. கிழிஞ்ச ஓரம்தான் நல்லாப் பிடிக்கும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

தட்டைக் கத்தியை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினேன். அவள் சொன்னது சரி. பிய்ந்தாள். வலது முழங்கை கேன்வாஸிலேயே நின்றுவிட்டது. இடது கன்னத்தில் பாதி. முட்டி இரண்டும். தோளில் ஒரு துண்டு. வலிக்கிறதா என்று கேட்டேன். “பழைய எடந்தான்” என்றாள்.

மற்ற சான்றிதழ்களையும் சூடு காட்டி உரித்தேன். பிய்ந்த இடங்களில் ஒட்டினேன். முட்டிகளுக்கு டிகிரி. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். முழங்கைக்குப் பன்னிரண்டாவது மார்க் ஷீட். தோளுக்குச் சாதிச் சான்றிதழ். அது மட்டும் பசை இல்லாமலே ஒட்டிக்கொண்டது. கன்னத்துக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ். தாசில்தார் முத்திரை சரியாகக் கண்ணுக்குக் கீழே வந்தது.

அந்த முத்திரையை ஒட்டும்போது எனக்கு அது வந்தது. எட்டு வருடம் காதம்பரிக்கு வராத அது. கை தானாக ஓடியது. இந்த ஊதாவுக்குப் பக்கத்தில் அந்தப் பழுப்பு வேண்டும் என்று தோன்றியது. மாப்பின் நூல் கொஞ்சம் எடுத்தேன். தேவையே இல்லாத இடத்தில் வைத்தேன். நன்றாக இருந்தது. இரண்டடி பின்னால் போனேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். நல்லா வந்திருக்கு என்று நினைத்தேன்.

நான் தலையைச் சாய்த்ததை யாரும் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள்.

நாலு ஐம்பத்தைந்துக்கு அவள் தரையில் நின்றாள். சம்யுக்தா ஒரு டேப் வைத்து அளந்தார். பாதிக்கு மேல் இரண்டு இஞ்ச் இருந்தது. “கங்கிராட்ஸ்” என்றார்.

காதம்பரி தன் கேன்வாஸைப் பார்த்தார். நடுவில் அம்மா அளவுக்கு ஓட்டை. ஓரத்தில் ஒரு முழங்கை. வாயைப் பொத்திக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“இப்பத்தான் இது முடிஞ்சிருக்கு” என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். ஐந்து மணிக்கு ஓட்டைக்கு வார்னிஷ் அடித்தார்கள்.

“என் கை அங்கியே நிக்குது பாரு” என்றாள் அம்மா.

“அது அவங்களுதாம்.”

“செவ்வாக்கெழம வந்து தூசி தட்டணும்.”

இறங்கும்போது லிப்ட் திறந்தே இருந்தது. கீழே செக்யூரிட்டி மூன்றாவது காலத்தில் என் பெயரை அடித்துவிட்டு முதல் காலத்தில் எழுதினார். ஏ. மோனிஷா, பங்கேற்பாளர். அம்மாவுக்குப் பொருள் வெளியே கொண்டுபோகும் சீட்டு கிழித்துக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி இடுப்பில் செருகினாள். லேமினேட் பண்ண வேண்டும் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு சரிபார்ப்புக்குப் போனேன். எட்டாம் நம்பர் மேசை. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அசல்?”

அம்மா முன்னால் வந்தாள். அவர் முதலில் கன்னத்தைப் படித்தார். முழங்கையைத் திருப்பச் சொன்னார். முட்டி என்றதும் அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். வருடம், தேதி, பதிவு எண். பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

“லேமினேட் பண்ணலையே?”

“இல்ல சார்.”

கட்டை விரலால் அம்மாவின் தோளைத் தேய்த்துப் பார்த்தார். “பண்ணியிருந்தா ரிஜெக்ட்டுதான். நெறைய பேரு இந்தத் தப்பப் பண்ணிட்டு வந்து அழறாங்க.”

அம்மா தலையாட்டினாள். “படிக்காதவங்க சார்” என்றாள்.

“மூணு செட் ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பதினொண்ணரைக்குள்ள.”

எதிரிலேயே கடை இருந்தது. கடைக்காரம்மா மூடியைத் தூக்கினார். அம்மா முத்திரை இருக்கிற கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துப் படுத்தாள்.

“கண்ண மூடிக்கோ. லைட்டு அடிக்கும்” என்றேன்.

இறுக்க மூடினாள். வெளிச்சம் மூன்று தடவை போய் வந்தது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவள் ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கவில்லை.

தாள்கள் சூடாக வந்தன. எடுத்துப் பார்த்தேன். முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. பதிவு எண் தெரிந்தது. மூன்றிலும் அம்மாவின் கண் திறந்திருந்தது. சனிக்கிழமை நான் தலையைச் சாய்த்தபோது பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள்.

கடைக்காரம்மா பேனாவை நீட்டினார். ஒவ்வொன்றின் கீழும் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“எப்டிடி வந்திருக்கு?” என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே.

மூன்றையும் கவிழ்த்து வைத்தேன்.