கிளெம் பிர்ட்விஸிலோடு போன மேடு

1951 ஜூன் 14, வியாழன். ஓக்கன்ராய்டு டவுன் கால்பந்து கிளப்பின் மைதானத்தில் இருந்த மேடு அன்று காலை ரயிலில் கிளெம் பிர்ட்விஸிலோடு ஊரைவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை போனதாக முதலில் எழுதியது தவறு. வெள்ளிக்கிழமை என்பது மைதானக்காரர் ஆம்ப்ரோஸ் க்ராஷா அதைக் கவனித்த நாள். போனது முந்தின நாள்தான்.

ஆம்ப்ரோஸ் வெள்ளிக்கிழமை காலை புல்லின் மேல் ரோலரை உருட்டக் கிளம்பினார். ஆலை முனையிலிருந்து தேவாலய முனைக்கு அதைத் தள்ளிக்கொண்டு ஏற எப்போதும் இரண்டு பேர் வேண்டும். இறங்கும்போது கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அன்று அவர் ஒற்றை ஆளாகவே தள்ளினார். மேலே போனதும் ரோலர் விட்ட இடத்திலேயே நின்றது. அவர் அதன் மேல் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்து முழுக்கப் புகைத்து முடித்துவிட்டு, 'பை' என்ற, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் விற்கும் கிளப் தலைவர் தோர்ன்பரின் கடைக்கு நடந்தார். இறைச்சி பை வாங்க நின்ற வரிசையைத் தாண்டிக் கல்லாவுக்கே போய், "அய்யா, மேட்டைக் காணோம்," என்றார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பை வாங்காமலே மைதானத்துக்குப் பார்க்கப் போனார்கள்.

அந்த மேடு சாதாரண மேடு அல்ல. ஒருவன் தோளில் இன்னொருவன் ஏறி நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு சரிவு, ஒரு கோலுக்கும் மறு கோலுக்கும் இடையில் இருந்தது. ஆலை முனையில் நிற்கும் கோல்கீப்பருக்கு எதிர்க் கோல்கீப்பரின் தொப்பிதான் தெரியும். டாஸ் ஜெயித்தால் ஓக்கன்ராய்டு கேப்டன் முதல் பாதியில் மேடு ஏறுவதையே கேட்பார். வெளியூர்க்காரர்கள் கிடைத்த இறக்கத்தில் சந்தோஷமாக ஓடித் தீர்ப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு மேலே பார்த்து ஏறவேண்டி வரும்போது அவர்களுக்குக் கால் இருக்காது. இந்த ஏற்பாட்டில், பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் இல்லாமலே, கிளப் முப்பது வருடம் மூன்றாம் டிவிஷனில் மானத்தோடு இருந்தது. இதை ஏமாற்று என்று ஊரில் ஒருவரும் நினைத்ததில்லை.

கிளெம் இடது ஓர ஆட்டக்காரன். மைதானத்தை ஒட்டிய தெருவில் பிறந்து, அந்தச் சரிவிலேயே நடை பழகியவன். பந்தை மேட்டைப் பார்த்து உதைத்துவிட்டு நிற்பான். தடுக்க வந்தவன் பந்தைத் துரத்திக்கொண்டு ஏறுவான். பந்து அவனைத் தாண்டித் திரும்பி கிளெமின் காலுக்கே இறங்கி வரும். சாகும்வரை இந்த ஊரிலேயே இருக்க வேண்டும், கால் ஓயும்வரை இந்த மைதானத்தின் இடது ஓரத்திலேயே ஆட வேண்டும். இதைத் தவிர வேறு ஆசை தனக்கு இல்லை என்று, கல்யாணம் பேசுவதற்கு முன்பே ஆலையில் தறி ஓட்டிய ஹில்டாவிடம் சொல்லிவிட்டான். "அவ்வளவுதானா? நான் என்னமோ பெருசா கேக்கப்போறேன்னு பயந்துட்டேன்," என்றாள் அவள்.

கிளப் நிர்வாகத்துக்கு ஆசை பெரிது. இரண்டாம் டிவிஷனுக்குப் போக வேண்டும், அதற்கு மைதானம் மேசை மாதிரி இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மண்ணை வெட்டிச் சமப்படுத்தப் பணம் வேண்டும். விலைபோகக்கூடியது என்று கிளப்பில் இருந்தது கிளெம் மட்டுமே. மத்திய இங்கிலாந்தின் செவர்ன்ஃபோர்டு சிட்டி அவனைக் கேட்டது. அந்தக் காலத்தில் ஆட்டக்காரனின் பதிவு கிளப்பின் சொத்து. மாட்டேன் என்றால் வேறெங்கும் ஆட முடியாது, சம்பளமும் கிடையாது. தோர்ன்பர் அவனைக் கடைக்குப் பின்னால் அழைத்துச் சூடான பை ஒன்றைக் கையில் கொடுத்தார். "நீ போனாத்தான் தம்பி மைதானம் சமமாகும். சமமானதும் திரும்பி வந்துடு. உன் இடம் உனக்குத்தான்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது அவருக்கே அப்போது தெரியாது. கிளெம் போனான், மைதானம் சமமானது, ஒரு மண்வெட்டிகூடப் படவில்லை. மிஞ்சிய பணத்தில் கேலரிக்குக் கூரை போட்டார்கள். தோர்ன்பரின் சிக்கனத்தை ஊர் மெச்சியது. அந்த வருடமே கிளப் தோற்க ஆரம்பித்தது. இடைவேளையில் ஆட்டக்காரர்கள் பழக்க தோஷத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு, இனி இறக்கம் என்று வெளியே வருவார்கள். வெளியே இறக்கம் இருக்காது.

செவர்ன்ஃபோர்டு மைதானம் கிளெம் ஆடிய முதல் மாதமே சரிய ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்குள் இயக்குநர்கள் உட்காரும் இடத்தில் தேநீர்க் கோப்பைகள் மேசையின் ஒரு பக்கமாக ஒதுங்கின. வெளியூர் அணிகள் புகார் கொடுத்தன. லீக் அனுப்பிய சர்வேயர் இரசமட்டத்தை வைத்துப் பார்த்து, சரிவு இருப்பது உண்மை, ஆனால் மைதானம் சமமாக இருக்க வேண்டும் என்று ஆட்ட விதியில் எங்கும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கிளெம் நன்றாகவே ஆடினான். மூன்று பருவத்துக்குப் பிறகு, முதல் டிவிஷனுக்கு ஏறும் சமயத்தில், இந்தக் கோணலோடு பெரிய இடத்துக்குப் போனால் சிரிப்பார்கள் என்று அவனை விற்றார்கள். அவன் வண்டி ஏறிய அன்றே மைதானம் பழையபடி ஆனது.

அடுத்தது கிழக்குக் கடற்கரையின் டென்மவுத் ஆல்பியன். அங்கே சரிவு கடல் பக்கம் விழுந்தது. கடல் பெருகும் நாட்களில் கோல்கீப்பர் கணுக்காலளவு தண்ணீரில் நின்றார். ஒருமுறை கோலுக்குள் ஹெர்ரிங் மீன் கிடந்தது. கேலரியில் இருந்தவர்கள் அதையும் கோல் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கத்தினார்கள். இங்கேதான் கிளெமுக்கு ஒரு விஷயம் புரிந்தது. முழங்கால் அடிபட்டு ஒரு குளிர்காலம் முழுக்க ஊன்றுகோலோடு கேலரியில் உட்கார்ந்திருந்தபோது, மைதானம் மெல்ல மெல்லச் சமமானது. அவன் திரும்பி இறங்கி இடது ஓரத்தில் ஓட ஆரம்பித்ததும் மேடு மறுபடி மெல்ல எழத் தொடங்கியது. ஆக, மேடு அவனோடு வருவதில்லை, அவன் ஆட்டத்தோடு வருகிறது. இதை ஹில்டாவிடம் மட்டும் சொன்னான். அவள் மூத்த மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "எங்க போனாலும் நம்ம ஊரைத்தான் ஆடுற, வேறென்ன," என்றாள்.

டென்மவுத்துக்குப் பிறகு தெற்கு லண்டனில் ஒரு கிளப். அங்கே ஆறு வருடம். ஊரைவிட்டு வந்தது முதல் ஒவ்வொரு கோடையிலும் அவன் தோர்ன்பருக்கு ஒரு வாழ்த்து அட்டை போடுவான். மைதானம் எப்படி இருக்கிறது என்று கேட்பான். சமமாக இருக்கிறது என்று பதில் வரும். வா என்று வராது.

1963 மார்ச்சில் வந்தது. ஓக்கன்ராய்டு அப்போது நான்காம் டிவிஷனின் அடியில் கிடந்தது. கடைசி நான்கு இடங்களில் முடித்தால், லீக்கில் இருக்க விடுங்கள் என்று லண்டனுக்குப் போய் மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை நின்றாயிற்று. மூன்றாவது முறை யாரும் கை தூக்க மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். கிளெமுக்கு வயது முப்பத்துநான்கு. விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் புது பூட்ஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து இறங்கினான்.

தோர்ன்பர் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். கிளெமைக் கட்டிக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாக எதையோ தேடுவதுபோல ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஆட வேண்டாம் தம்பி. இந்த முழங்காலோட எதுக்கு? சும்மா கேலரியில உக்காரு, போதும். மேடு தானா வந்துடும்."

அவன் உட்கார்ந்தான். மேடு வரவில்லை. மூன்று வாரம், நான்கு வாரம். ஆம்ப்ரோஸ் தினமும் காலையில் மைதானத்தின் நடுவில் ஒரு பந்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். பந்து அசையாது. கிளெமின் பெட்டிகளைக்கூட ஒருநாள் கொண்டுவந்து ஆலை முனையில் வைத்துப் பார்த்தார்கள். பை கடையில் ஊர்ப் பெண்கள் ஹில்டாவைக் கேட்டார்கள்: "லண்டன்லயே விட்டுட்டு வந்துட்டீங்களோ?" "மறந்து வெக்க அது என்ன குடையா?" என்றாள் ஹில்டா. வீட்டுக்கு வந்து கிளெமிடம் பொரிந்தாள்.

"சொல்லித் தொலையேன்யா. நான் ஆடினாத்தான் வரும்னு ஒரு வார்த்தை."

"சொன்னா மேட்டுக்காக எறக்குவாங்க."

"எதுக்காக எறக்கினா என்ன? எறங்கணும், அவ்வளவுதானே?"

"பன்னெண்டு வருஷமா அட்டை போட்டேன் ஹில்டா. எனக்காக ஒருத்தன் கூப்பிடட்டும்."

அந்த வருடக் குளிர் இங்கிலாந்து முழுவதையும் உறைய வைத்திருந்ததால் ஆட்டங்கள் தள்ளிப்போய், கடைசி ஆட்டம் மே 22, புதன்கிழமை மாலைக்கு வந்து நின்றது. எதிரே விட்பரோ, தட்டையான சதுப்புச் சீமைக்காரர்கள். ஜெயித்தால் ஓக்கன்ராய்டு தப்பிக்கும். சமநிலை போதாது. அன்று மதியம் இடது ஓரத்தில் ஆடும் பையனுக்கு வயிற்றுப்போக்கு. மாற்று ஆட்டக்காரன் என்ற வழக்கமே அப்போது இல்லை; பதினொரு பேர் இறங்க வேண்டும், பதினொன்றாவது ஆளாகப் பதிவில் இருந்தது கிளெம் மட்டும்தான். தோர்ன்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேலரிக்கு வந்தார். "டேய் கிளெம், பூட்ஸ் வச்சிருக்கியா?" கிளெம் இருக்கையின் அடியிலிருந்து எடுத்துக் காட்டினான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொண்டுவந்திருந்தான்.

டாஸ் போடும்போது மைதானம் சமமாகத்தான் இருந்தது. மேட்டையே பார்த்திராத இளம் கேப்டன், காற்றைப் பார்த்து ஆலை முனையைத் தாக்குவதாகச் சொன்னான். நாலாவது நிமிடத்தில் கிளெம் பந்தை வாங்கி ஓடினான். மற்ற ஊர்களில் மாதக்கணக்கில் எழுந்தது, இங்கே இருட்டில் தன் வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி, எதிலும் இடிக்காமல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆலை முனை கோல்கீப்பருக்கு எதிர்க் கோல்கீப்பர் மறைந்தார். கேலரியில் வயதானவர்கள் ஒரே நேரத்தில் எழுந்து, உடனே தலையில் கைவைத்துக்கொண்டார்கள். இறக்கத்தை முதலிலேயே எடுத்தாயிற்று. "மேட்டை முதல்ல ஏறணும்டா மடையா! உங்கப்பன் சொல்லித் தரலியா?" கேப்டன் வெளியூர்ப் பையன். அவன் அப்பா மைதானத்தையே பார்த்ததில்லை.

ஓக்கன்ராய்டு இளைஞர்களுக்கு இறக்கத்தில் ஆடத் தெரியவில்லை. யாருக்குக் கொடுத்த பந்தும் அவனுக்கு முன்னால் போய், கோலுக்குப் பின்னால் இருந்த கால்வாயில் விழுந்தது. முதல் பாதியில் கோல் இல்லை, மூன்று பந்து போயிற்று. இடைவேளைக்குப் பிறகு ஏற வேண்டும். விட்பரோக்காரர்கள் இறக்கத்தைக் கண்டு குஷியாக உதைத்தார்கள். அவர்கள் பந்தும் கால்வாய்க்கே போனது. கேலரியில் ஒருவன், "மீனெல்லாம் ஜெயிச்சிட்டிருக்கு," என்றான். கிளெம் மட்டும் இடது ஓரத்தில், முழங்கால் எரிய எரிய, மேலே உதைப்பதும் நிற்பதும் திரும்பி வருவதை வாங்கிக்கொள்வதுமாக ஏறினான். அவனைத் தடுத்தவன் மூன்று முறை பந்தைத் துரத்தி மேலே போய், மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பிப் பார்த்தான். "பந்துல நூல் கட்டிருக்கியா பெரிசு?" என்று கேட்டான். "ஊரைக் கட்டிருக்கேன்," என்றான் கிளெம்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளெம் அடித்தது கோல்கீப்பரின் மார்பில் நேராகப் போய் விழுந்தது. மோசமான அடி. கோல்கீப்பர் வலது ஓரத்துக்கு உருட்டிவிடலாம் என்று பந்தைத் தரையில் வைத்தார். சமநிலத்தில் வளர்ந்த எவரும் அப்படித்தான் வைப்பார்கள். பந்து அவர் கையைவிட்டு மெதுவாக, அவசரமில்லாமல், இறங்கி வந்தது. கிளெம் நகரவே இல்லை. காலுக்கு வந்ததை அவர் தலைக்கு மேல் தூக்கி உள்ளே போட்டான்.

ஆட்டம் முடிந்து வீரர்கள் பெரிய தொட்டிக் குளியலில் கிடந்தபோது தோர்ன்பர் நீராவிக்குள் கோட்டோடு வந்து நின்றார். கண்ணாடியில் நீராவி படிந்திருந்ததால் எல்லோரிடமும் பேசுவதுபோலப் பேசினார்.

"அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போடுறியா கிளெம்?"

"மேடாவா, ஆட்டக்காரனாவா?"

தோர்ன்பர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்துக்கொண்டு கிளெமைப் பார்த்தார். 

"மேடு வேணும், அதை மறைக்க மாட்டேன். ஆனா அந்தக் கடைசிப் பந்துக்கு நீ ஓடியிருந்தா கோல்கீப்பர் முழிச்சுப் பிடிச்சிருப்பான், கோல் இல்ல. நின்ன பாரு, அதை எந்த மேடும் செய்யாது. எனக்கு இடது ஓரத்துக்கு ஆள் வேணும்."

கிளெம் குனிந்து, தண்ணீருக்குள் நழுவிய சோப்பைத் தேடி எடுத்தான். பிறகு, சரி என்றான்.

லீக் சர்வேயரை அனுப்பவில்லை. ஓக்கன்ராய்டு மைதானம் சரிவானது என்று அவர்களிடம் ஏற்கெனவே பழைய பதிவு இருந்தது. ஆம்ப்ரோஸ் ரோலருக்குக் கயிறு வாங்கச் சொல்லிவிட்டார். கால்வாயில் மொத்தம் ஏழு பந்து மிதக்கிறது. மதகை நாளை, வியாழன் மதியம் திறப்பார்கள்; திறந்தால் பந்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதற்குள், காலை எட்டு மணிக்கு, கிளெம் நீளக் கம்பும் வலையும் எடுத்துக்கொண்டு ஆலை முனைக்கு வர வேண்டும்.