மண் தின்னாத மெனலாவோஸ்

புதைத்து மூன்று ஆண்டுகள் கழித்து, மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மெனலாவோஸைத் தோண்டியெடுத்தபோது அவன் அப்படியே இருந்தான். கன்னத்தில் சவரக்கத்தி பட்ட கீறல் நேற்று பட்டதுபோல் சிவந்திருந்தது. சட்டைப் பையில் அவன் அக்கா அர்கிரோ செருகிய துளசிக் கொத்து வாடவில்லை. த்ரோசோகோரி கிராமத்தில் மூன்றாம் ஆண்டு எலும்பை எடுத்து, வைனில் கழுவி, தகரப் பெட்டியில் வைப்பார்கள். அதோடு செத்தவனுக்கும் விடுதலை, துக்கம் காக்கிறவளுக்கும் கறுப்புத் துணியிலிருந்து விடுதலை. கழுவ எலும்பு இல்லாததால் கொண்டுவந்த வைனைக் குழி வெட்டியவர்கள் குடித்தார்கள். சாபம் பட்டவனைத்தான் மண் தின்னாது என்று பாதிரியார் நெக்டாரியோஸ் சாபம் நீக்கும் ஜெபத்தைப் படித்துவிட்டு, இவனை யாராவது சபித்ததுண்டா என்று கேட்டார். அர்கிரோ அழுதாள். மனைவி பொலிக்சேனி குனிந்து அவன் இமைமேல் இருந்த மண்ணை ஊதிவிட்டு, திரும்ப மூடச் சொன்னாள்.

அவனை ஊர்க் கல்லறையில் வைக்காமல், திராட்சைத் தோட்டத்து மூலையில், புனித த்ரிஃபோனின் சிற்றாலயத்தை ஒட்டிப் புதைக்கக் கேட்டவள் அவள்தான். திராட்சைக்கொடிகளைக் காக்கும் புனிதரின் காலடியில் தம்பிக்கு இடம் கிடைத்ததே என்று அர்கிரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மண்ணில் எதுவும் மக்காது என்பது பொலிக்சேனிக்குத் தெரியும். ஒன்பது இலையுதிர்காலத்து இலைகள் அங்கே அடுக்கடுக்காக, சிவப்புக் குறையாமல் கிடந்தன. மூன்றாவது வரிசையில் செத்து விழுந்த முயல் ஒன்று இரண்டு கோடையாகக் கண் திறந்தபடி படுத்திருந்தது.

தோட்டம் அவள் அப்பா ஸ்டெலியோஸுடையது. அவர் காலத்தில் கொடி வரிசைகளுக்கு நடுவே புல்லும் அவரையும் காட்டுப்பயறும் இடுப்பளவு நிற்கும். அறுவடை முடிந்ததும் ஆடுகள் உள்ளே போகும். ஒரு மண்கட்டியை உடைத்தால் மழை வாசனை வரும், உள்ளே நாலு புழு நெளியும். சீதனமாக அது மெனலாவோஸ் கைக்கு வந்தது. ஒரு புல் முளைத்தாலும் அது அவனுக்கு அவமானம். முதலில் உழுதான், பிறகு களைக்கொல்லி அடித்தான், மயில்துத்தத்தை ஆண்டுக்குப் பதினான்கு தடவை தெளித்ததில் கொடித்தண்டுகளும் வேலிக்கற்களும் அவன் புருவமும் நீலமாயின. கடைசியாக, மண்ணுக்குள் ஊசிபோல் குத்திச் செலுத்தும் வாயு மருந்தைக் கொண்டுவந்தான். வேண்டாம் என்று ஸ்டெலியோஸ் தொப்பியைக் கழற்றி, மருமகனிடம் கெஞ்சிக் கேட்டார். தவக்காலம் தொடங்கும் திங்கட்கிழமை, ஊரெல்லாம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது மருந்து உள்ளே போனது. மறுநாள் புழுக்களெல்லாம் மேலே வந்து செத்துக் கிடந்தன. கிழவர் முட்டிபோட்டு அவற்றைப் பொறுக்கினார். மூன்று வாளி நிறைந்தது.

"மாமனார் மீன் பிடிக்கக் கிளம்பிட்டார் போல. இரை ரெடி, கடல்தான் இல்லை," என்று மெனலாவோஸ் காப்பிக்கடையில் சொன்னான். அர்கிரோ அதை ரொட்டி அடுப்படியில் மறுபடி சொல்லிக் காட்ட, பெண்கள் மாவுக் கையோடு சிரித்தார்கள். ஸ்டெலியோஸ் அந்த ஆகஸ்டில் ஒரு மண்கட்டியை முகர்ந்து பார்த்தார், ஒன்றும் வரவில்லை, கட்டிலில் போய்ப் படுத்தவர் எழவில்லை. அதன் பிறகும் பொலிக்சேனி ஒன்பது ஆண்டுகள் கணவனுக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பிறகு ஒருநாள் அவன் மாரடைத்து விழுந்தான்.

அவன் போன மறுவாரமே அவள் கலப்பையை விற்றாள். அப்பாவைப் போல அவரையும் காட்டுப்பயறும் ஓட்ஸும் விதைத்தாள், வைக்கோல் பரப்பினாள், மேய்க்கிறவர்களிடம் ஆடுகளை அனுப்பச் சொன்னாள். இரண்டு ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் ஆண்டு எறும்புகள் திரும்பின. ஐந்தாம் ஆண்டு ஏப்ரலில், நண்பகலில், ஆற்றங்கரையிலிருந்து மண்புழுக்கள் ஒற்றை வரிசையாகப் புறப்பட்டு, தார்ச்சாலையைக் கடந்து தோட்டத்துக்குள் நுழைந்தன. கொரிந்துக்குப் போகிற பேருந்தின் ஓட்டுநர் என்ஜினை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தார். பயணிகள் இறங்கி ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள். அந்தக் கோடையில் முயல் மறைந்தது, ஒன்பது ஆண்டு இலைகளும் கறுத்துப் பொடிந்தன. சிற்றாலயத்தை ஒட்டி ஆறடிக்கு மூன்றடி மட்டும் தளம்போல் மொட்டையாகக் கிடந்தது.

ஆறாம் ஆண்டும் தோண்டினார்கள். மெனலாவோஸின் மீசையில் ஒரு முடி உதிரவில்லை. அர்கிரோ நாற்பது நாள் விரதமிருந்தாள், ஊர் ஊராகப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். திரும்பி வந்த காலையில், தம்பியின் முதுகுத் தெளிப்பானை மாட்டிக்கொண்டு பொலிக்சேனி அவன் குழிமேல் நிதானமாக மருந்தடித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"நீதானா? அடிப்பாவி, எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமாக்கா. வருஷத்துக்குப் பதினாலு தடவை. அவர் வச்ச கணக்குதான்."

"செத்தவன்மேல என்னடி கோபம்?"

"செத்தாத்தான் மண்ணு வேணும்னு தெரியுது. எங்கப்பா உசுரோட இருக்கும்போதே கேட்டார்."

அர்கிரோ கத்தவில்லை. வேலிக்கல்லில் உட்கார்ந்து, அவனை விட்டுவிட என்ன வேண்டும் என்று கேட்டாள். பொலிக்சேனி தெளிப்பானை இறக்கிவைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அர்கிரோவின் மேட்டுத் தோட்டத்து மருந்து மழையோடு வழிந்து தன் கடைசி நான்கு வரிசையைக் கொல்கிறது, அது நிற்க வேண்டும். அங்கே இனிமேல் கலப்பை இறங்கக்கூடாது. அப்புறம், ஆற்றங்கரையில் முட்டிபோட்டு, கையாலேயே, மூன்று வாளிப் புழு பொறுக்கி மேட்டில் விட வேண்டும். உயிரோடு.

"எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு, பொலிக்சேனி."

"எங்கப்பாவுக்கு எழுபத்தொண்ணு."

குளிர்காலம் முழுக்க அர்கிரோ கறுப்புப் பாவாடையோடு சேற்றில் தவழ்ந்தாள். சாலையில் போகிறவர்கள் மீன் கிடைத்ததா என்று கேட்டார்கள். அவள் அடுத்த புழுவைப் பொறுக்கினாள். பொலிக்சேனி தினமும் எதிர்க்கரையில் நாற்காலி போட்டு, பின்னல் வேலை செய்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூட எழுந்து உதவவில்லை. மூன்றாவது வாளி நிறைந்த அன்று நாற்காலியை மடக்கினாள். சொன்ன சொல் தவறவில்லை. தெளிப்பானைச் சம்மட்டியால் நசுக்கினாள், குழிமேல் சாணமும் வைக்கோலும் போட்டாள், அவரை ஊன்றினாள். அவரை நன்றாகவே வளர்ந்தது. அதன் பூவுக்குத் தேனீக்கள் வந்தன.

ஒன்பதாம் ஆண்டு தோண்டியபோது மண் கேக்குபோல் பொலபொலவென்று வந்தது. வேர்களில் முடிச்சுகள், வெள்ளை நூல்போல் பூஞ்சை, கைப்பிடிக்குப் பத்துப் புழு. குழி வெட்டியவர்கள் இன்றைக்கு எலும்புதான் என்று வைனைத் திறந்தே வைத்தார்கள். மெனலாவோஸ் கீறல் விழுந்த கன்னத்தோடு படுத்திருந்தான். அவனைச் சுற்றி ஒரு சாண் தூரத்தில் புழுக்கள் எல்லை கட்டியதுபோல் நின்றிருந்தன. ஒன்றை எடுத்து அவன் மார்பில் விட்டார்கள். அது நேராகத் திரும்பி வந்துவிட்டது.

அர்கிரோ பொலிக்சேனியை நாத்தனார் பார்வை பார்த்தாள். "இன்னும் அடிக்கிறியா?"

"இல்லக்கா. நான் விட்டுட்டேன். மண்ணு விடலை."

அவள் முகத்தில் பொய் இல்லை. அந்த ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக அவள் சற்றுச் சிரித்ததாகவும் சொல்வார்கள். அர்கிரோ குழிக்குள் இறங்கினாள். பிறகு வைனை வாங்கி, எலும்பைக் கழுவுகிறமாதிரியே, நெற்றியிலிருந்து காலணிவரை தம்பியை முழுசாகக் கழுவினாள். தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து அதனாலேயே துடைத்தாள். வெறுந்தலையோடு வீட்டுக்குப் போனாள்.

ஆண்டுகள் கழிந்து அவளும் போய்ச் சேர்ந்தாள், பொலிக்சேனியும் போய்ச் சேர்ந்தாள். பொலிக்சேனியை அவள் அப்பாவின் கொடி வரிசைகளுக்கு நடுவே புதைத்தார்கள். பதினோராவது மாதம் பக்கத்தில் கொடி நடத் தோண்டியபோதே அவள் எலும்பு சுத்தமாக வந்தது, பாதிரியாரே வியந்தார். மெனலாவோஸை மட்டும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் எடுக்கிறார்கள், கழுவுகிறார்கள், மீசையைச் சீவுகிறார்கள், வைக்கிறார்கள். ஆலயப் பதிவேட்டில் எலும்பெடுத்த தேதி எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பாதிரியார் "இன்னும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், பிறகு எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள்.