இரண்டு ஷிப்ட் கட்டில்

கட்டிலின் கால் ஒன்று வாசல் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து கணேசபாண்டியன் தள்ளினார், சந்தில் நின்று யாசர் இழுத்தான். சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். அது அசைவதாக இல்லை.

“காலைக் கழட்டணும் மாமா,” என்றாள் ஜுவைரியா. “உள்ள கொண்டு வரும்போதும் வாப்பா கழட்டித்தான் கொண்டு வந்தாங்க.”

சொல்லிவிட்டு ஸ்பேனர் தேடப் போனாள். அவளுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. காலை பத்தேகாலிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. டீ கிளாஸ்களைக் கழுவினாள், கழுவியதையே மறுபடியும் கழுவினாள். ராத்திரி முழுக்க வேலை பார்த்த கண்கள் எரிந்தன. தரையில், பாயில், அவள் வாப்பா மன்சூர் அலி தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டிக் கிடந்தார். பக்கத்தில் உம்மா ராபியா சுவரில் சாய்ந்திருந்தாள். இரண்டு நாள் காய்ச்சல் இன்னும் முகத்தில் இருந்தது. காலையில் ஒருமுறை அழுததோடு சரி, பிறகு வாயே திறக்கவில்லை.

பத்துக்குப் பத்து அறை. வருகிற பெண்கள் உட்கார வேண்டுமென்றால் கட்டில் போகத்தான் வேண்டும். மாடியில் ஜீன்ஸ் தைக்கிறவர்கள் கீழே மய்யித்து கிடக்கிற சாவு வீடு என்று மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். காலை எட்டு அடித்தால் தொடங்கி, தலைக்கு மேலே தகரமும் பலகையும் அதிர ஓடுகிற மெஷின்கள். அந்தச் சத்தம் இல்லாத வீடு யாருடைய வீடோ போலிருந்தது.

உண்மையில் அந்த வீட்டில் கட்டிலுக்குத்தான் ஓய்வே கிடையாது. ராத்திரி மன்சூர் அலி படுப்பார். காலை ஏழரைக்கு எழுந்து தோல்பை தைக்கிற காரகானாவுக்குத் தோல் வெட்டப் போவார். எட்டு மணி சுமாருக்கு ஜுவைரியா வருவாள். விக்ரோலியில் அமெரிக்காக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்கிற வேலை. அவர் விட்டுப்போன சூட்டிலேயே படுத்துவிடுவாள். நாலு வருஷமாக இப்படித்தான். அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் சாவகாசமாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தீபாவளிக்குக் கம்பெனிகள் பை பரிசளிக்கிற சீசன் வந்துவிட்டால் அதுவும் இல்லை. போன மாதம் டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு நாளாவது படுங்கள் என்றார். “சீசன் முடியட்டும்,” என்றார் மன்சூர் அலி. அவருக்கு எந்தச் சீசனும் முடிந்ததில்லை.

கட்டில் காலின் திருகைக் கழற்றிக்கொண்டே யாசர் கேட்டான். செய்தி கேட்டுப் புனேயிலிருந்து பஸ் பிடித்து இரண்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்திருந்தான். “மாமா, காலைல நீங்க இங்க வந்தீங்களாமே?”

“எட்டரைக்கு வந்தேன்டே,” என்றார் கணேசபாண்டியன். மன்சூர் அலி தோல் வெட்டும் அதே காரகானாவில் இருபது வருஷமாகப் பை தைக்கிறவர். “பாய் ஒரு நாளும் லேட்டாக மாட்டாருல்லா, அதான் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். பாப்பா வாசல்ல நின்னுக்கிட்டு, மெதுவாப் பேசுங்க மாமா, வாப்பா தூங்குதாங்கன்னா. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. தூங்கட்டும்னு போயிட்டேன்.”

யாசர் அக்காவைப் பார்த்தான். “லாத்தா, வாப்பாகிட்ட கடைசியா நேத்து ராத்திரி போன்லதான் பேசினேன்னு பாக்க வந்த டாக்டர்கிட்ட சொன்னியாமே. காலைல பேசவே இல்லையா? அதாவது, நீ வரும்போது எப்படி இருந்தாங்க?”

“தூங்கிட்டிருந்தாங்க.”

“சரியாப் பாத்தியா?”

“விடுல,” என்றார் கணேசபாண்டியன். “இப்பப் போயி அதுகிட்ட என்ன கேள்வி.”

ஜுவைரியா உள்ளே வந்து, கழுவிய கிளாஸ்களை மூன்றாவது முறை கழுவினாள்.

காலையில் வாப்பா பேசினார். அதுதான் அவளைக் காலையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தது. எட்டு பத்துக்கு அவள் வந்தபோது, ஜன்னலில்லாத அந்த அறையில் விளக்கு எரியவில்லை. உம்மா கீழே போர்வையை இழுத்து மூடிக் கிடந்தாள். வாப்பா இன்னும் கட்டிலில் இருந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவை. அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்தில் கண்ணைத் திறந்தார்.

“மணி என்னாச்சு?”

“அஞ்சரைதான் ஆவுது வாப்பா. தூங்குங்க.”

“நீ வந்துட்டியே.”

“இன்னைக்குச் சீக்கிரம் விட்டுட்டாங்க.”

அவர் சற்று நேரம் அவளையே பார்த்தார். அவள் முகம் கழுவி வருவதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒரு நாளாவது அவரைப் படுக்கவைத்துவிட்டதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. அவர் போனை சைலன்டில் போட்டாள், கணேசபாண்டியனைத் திருப்பி அனுப்பினாள், துப்பட்டாவைத் தரையில் விரித்துத் தானும் படுத்தாள். பத்தேகாலுக்கு டீயோடு போய் உம்மா தொட்டபோது அவர் கை சில்லிட்டிருந்தது.

உண்மையைச் சொல்லியிருந்தால் எழுந்திருப்பார். எழுந்து நின்றிருந்தால் உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொல்லியிருப்பார். ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். தூங்கவைத்தே கொன்றுவிட்டேன் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் கை இன்னொரு கிளாஸை எடுத்தது.

அஸர் தொழுகைக்கு முன்னால், மய்யித்தைத் தூக்கிப்போகச் சந்தூக்கு வந்தது. அந்தச் சந்தில் அதைத் திருப்புவதற்கும் கட்டில் பட்ட பாடுதான். கலிமா சொல்லிக்கொண்டே ஆண்கள் தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போனார்கள். அவர்கள் முனை திரும்பிக் கொஞ்ச நேரத்தில் மாடியில் ஒரு மெஷின் தயங்கித் தயங்கி ஓடியது. பிறகு எல்லாம் ஓடின. அவர்களுக்கும் சீசன்தான்.

சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாசர் இன்னும் பள்ளிவாசலில் இருந்தான். ஜுவைரியா சந்தில் கிடந்த கட்டிலைத் தனியாக இழுத்து வந்து, கால்களை மாட்டி, திருகுகளை முடுக்கினாள். முடுக்கியதையே மறுபடி முடுக்கினாள்.

“போதும். படு,” என்றாள் ராபியா.

“உம்மா, காலைல வாப்பா எங்கிட்ட பேசினாங்க.”

“தெரியும்.”

ஜுவைரியாவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

“நான் முழிச்சுத்தான் கிடந்தேன். நீ மூஞ்சி கழுவப் போன பொறவு, என்ன, இன்னைக்கு எந்திரிக்கலையான்னு கேட்டேன்.” ராபியா விரலை மேலே காட்டினாள். “இதா, இது ஓடிக்கிட்டிருக்கு. அந்த மனுசனுக்கா மணி தெரியாது? சிரிச்சாக. புள்ள அஞ்சரைன்னு சொல்லுதா, அஞ்சரைன்னே வச்சுக்கிடுவோம்னாக.”

ராபியா மகளின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“கை கனக்குன்னும் சொன்னாக. கத்தி புடிக்கிற கைதானே, படுத்தாச் சரியாப் போவும்னு நானும் விட்டுட்டேன்.” அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. “யாசர் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். நீ பேசாத.”

ஜுவைரியா அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள். உம்மாவின் மடியில் முகத்தை வைத்து, சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று அழுதாள்.

அவள் போன் தரையில் அதிர்ந்தது. டீம் லீடர். ரொம்ப வருத்தம் என்று ஒரு வரி, பாதி ஷிப்டாவது வர முடியுமா, கார் எட்டு மணிக்கு என்று இன்னொரு வரி. ராபியாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. மகள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். போனை வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

ஜுவைரியா கட்டிலில் ஏறிப் படுத்தாள். மெத்தையில் வாப்பாவின் பக்கம் சற்றுப் பள்ளமாக இருந்தது. உம்மா விளக்கை அணைத்தாள். மேலே மெஷின்கள் அடித்துக்கொண்டே இருந்தன.

“மணி என்ன உம்மா?”

“அஞ்சரைதான் ஆவுது,” என்றாள் ராபியா. “தூங்கு.”

ஜுவைரியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.